காளிகாட்டின் காசுப் படங்கள்

இன்று கொல்கத்தா எனப் பெயர் பெற்றுள்ள கல்கத்தாவுக்குச் செல்லும் நம்மவர் காளிகாட்டை மறவார். நாமும் சென்றோம். 1809இல் எழுந்த இன்றைய கோயில் அளவிற் சிறியது. அதனைச் சூழ்ந்த சந்தடியோ பெரியது. செம்பருத்தி மாலையும் சங்கு வளையலும் விற்கும் கடைகளிடையே நெருக்குண்டு, பண்டாக்களின் பிடிக்குத் தப்பி ஒருவாறு தரிசனம் முடித்தோம். எனினும் எமது உள்ளம் தேடியது வேறொன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இங்கு வந்த யாத்திரிகர் சில்லறைக் காசுக்கு வாங்கிச் சென்ற நீர்வண்ணப் படங்களை நூல்களிலே கண்டிருந்தோம். அவை பிறந்த இடத்தைப் பார்க்கும் ஆவலே எம்மை அங்கு ஈர்த்தது.

வங்கக் கிராமங்களிலே படச்சுருளை விரித்துக் கதை பாடித் திரிந்தவர் பட்டுவா எனப்படும் சித்திரகாரர். அவருட் சிலர் இக்கோயிலடியிற் குடியேறினர். சுருள் தீட்ட நாட் பல வேண்டும், யாத்திரிகனோ காத்திரான். ஆகவே ஆலையில் உற்பத்தியான மலிவான தனித்தாளிலே விரைந்து கோடிழுத்து, ஈரத் தூரிகையால் ஓரங்களில் நிழல் பரப்பி, உருவங்களுக்குத் திரட்சி கொடுத்தனர். பின்னணி வெறுந்தாளே. வீட்டில் ஒருவர் கோடு வரைய, மற்றவர் வண்ணம் தீட்டினர்.

காளியையும் சிவனையும் மட்டுமா எழுதினர்? மினுக்கிய தலையும் சப்பாத்துக் காலுமாய் வீற்றிருக்கும் நகரத்துப் பாபு, கணவனை விளக்குமாற்றால் அடிக்கும் மனைவி, நெற்றியில் வைணவக் குறியும் வாயில் இறாலுமாய் நிற்கும் பூனை ஆகிய யாவும் படங்களாயின. அப்பூனை போலித் துறவியேயன்றி வேறன்று. கோயிலை நம்பிப் பிழைத்தவர், கோயில் வாயிலிலேயே இதனை விற்ற துணிவை என்னென்பது!

1873ஆம் ஆண்டு இவர்களுக்குப் பெரியதொரு கதையைத் தந்தது. அச்சகமொன்றிற் பணியாற்றிய நவீன் என்பவன், தாரகேசுவரச் சிவாலயத்து மகந்தருக்கும் தன் இளம் மனைவி எலோகேசிக்கும் தொடர்புண்டென அறிந்து, மீன் அரியும் அரிவாள்மணையால் அவளைக் கொன்றான். அவனுக்கு ஆயுட்காலத் தீவாந்தர தண்டனையும், மகந்தருக்கு மூன்றாண்டுக் கடுங்காவலும் விதிக்கப்பட்டன. மக்கள் மனுமேல் மனுக்கொடுக்க, 1875இல் நவீன் விடுதலையானான். எலோகேசி மகந்தருக்கு வெற்றிலை கொடுப்பதும், கொலையும், மகந்தரின் சிறைவாசமும் படம் படமாக விலைபோயின. பத்திரிகை படிக்க அறியாதவனும் வழக்கினைக் கண்ணாற் கண்டான். மாண்ட பெண்ணுக்கு இரங்கியோர் எத்தனை பேரோ என்ற வினா மட்டும் எம்மை விட்டகலவில்லை.

பின்னர் ஜெர்மனியில் அச்சாகிய பளபளப்பான வண்ணப் படங்கள் சந்தையை நிறைத்தன. கையால் எழுதியவர் ஈடுகொடுக்க முடியாது ஓய்ந்தனர். 1930 அளவில் அத்தொழில் மறைந்துபோயிற்று. ஓவியர் யாமினி ராய் இக்கோடுகளிலே புதுவழி கண்டார். படங்களின் மிகப்பெரிய தொகுதி இன்று இருப்பது இலண்டன் விக்டோரியா அல்பேட் நூதனசாலையிலே. கிப்ளிங்கின் தந்தையார் சேர்த்தவற்றை மகன் 1917இல் அங்கு வழங்கினார்.

கோயிலுக்கு அணித்தாயுள்ள பட்டுவாபாரா என்னும் வீதியிலும் நடந்தோம். பெயர் மாறவில்லை. ஆனால் அங்கு வைக்கோற் கூட்டின்மேற் களிமண் அப்பிக்கொண்டிருந்தனர், பூசைக்குரிய சிலைகளாம். திரும்பும்வழியில் கடையொன்றிலே, கையால் எழுதிய படம் உண்டோவென வினவினோம். கடைக்காரர் மினுங்கும் தாளில் அச்சிட்ட காளியொன்றை எடுத்து நீட்டினார். அதனையே வாங்கிக்கொண்டோம்.