பொய்த் தவளைக்கு வண்ணம் அடித்த கதை



இரண்டு மாதமாக நான் பொய்த் தவளைகளுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருக்கிறேன். தூண்டில் போடும் தம்பிகள் சிலர் செய்முறை கேட்டிருந்தீர்கள். அதற்காகவும், கூடவே ஒன்று சொல்ல வேண்டியிருப்பதாலும் இந்தப் பதிவு.

அரியலூரில் இருக்கும் பேரன் விடுமுறைக்குப் பெரம்பலூர் வந்தால் ஏரிக்கரையே கதி என்று கிடப்பான். நாங்கள் சிறுவயதில் விராலுக்கு உயிருள்ள தவளையை முள்ளில் கோத்தோம். இவன் கையில் இருப்பது ரப்பர் போல நெளியும் தவளை. அது ரப்பர் அல்ல, எண்ணெய் போன்ற திரவம் சேர்த்து மென்மையாக்கிய பி.வி.சி. 1949-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் இப்படி ஒரு வினைல் புழு செய்து தூண்டிலில் மாட்டினார். அந்தப் புழுவின் வம்சம்தான் இது.

வெள்ளைத் தவளைகளாக ஒரு பாக்கெட் வாங்கி வந்து, “தாத்தா, சார்ட் எல்லாம் வரைஞ்சவங்கதானே நீங்க, இதுக்குக் கலர் அடிச்சுத் தாங்க” என்றான்.

போஸ்டர் கலர் அடித்தேன். தவளையை ஒருமுறை வளைத்ததுமே உதிர்ந்தது. எனாமல் அடித்தேன். நான்கு நாளாகியும் காயாமல் விரலில் ஒட்டியது. பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் அந்தத் திரவம் மெல்லக் கசிந்து எனாமலைக் காயவிடுவதில்லை. கடைசியில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்பவர் ஒருவர் வினைல் ஸ்டிக்கருக்குப் பயன்படுத்தும் பி.வி.சி. இங்க் கொடுத்தார். அதுதான் பிடித்தது. பி.வி.சி.க்கு அதன் இனத்து வண்ணம்தான் ஒட்டும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் சில குறிப்புகள்:

தவளையைச் சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காய வையுங்கள். எண்ணெய்ப்பசை போக வேண்டும்.

இங்க்கை அதற்குரிய தின்னரில் பால் பதத்துக்குக் கரையுங்கள். கட்டியாக இருந்தால் ஏர்பிரஷ் அடைத்துக்கொள்ளும்.

கம்ப்ரசர் அழுத்தம் 20 முதல் 25 பி.எஸ்.ஐ., தூரம் ஒரு சாண் போதும். முதலில் காற்று, பிறகு வண்ணம். நிறுத்தும்போது முதலில் வண்ணத்தை நிறுத்துங்கள். மெல்லிசாக மூன்று நான்கு முறை அடியுங்கள்.

முதுகு கருமை, வயிறு வெளுப்பு. மீனுக்கும் தவளைக்கும் இயற்கை கொடுத்த ஒளிவு அது. மீன் பொம்மைக்குச் செதில் வேண்டுமா? கொசுவலைத் துண்டை இறுக்கிச் சுற்றி அதன் மேல் அடியுங்கள்.

தின்னர் ஆவி நுரையீரலுக்குக் கேடு. துணி மாஸ்க் அதைத் தடுக்காது, கரி வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும். திறந்த வெளியில், அடுப்புக்கு எட்டி உட்காருங்கள்.

இனி அந்த இன்னொன்று.

நல்ல மழைக்குப் பிறகு ஒரு காலை. என் தவளையைப் பேரன் கோரைப்புல் ஓரம் வீசினான். இரண்டாவது வீச்சிலேயே ‘தொபுக்’ என்று ஒரு அடி. இழுத்துப் போட்டால் கை நீளத்துக்கு விரால். அவன் குதித்தான், நானும்தான். போட்டோ எடுத்தோம். அப்போதுதான் தவளை விழுந்த இடத்தில் தண்ணீர் சிவப்பாகக் கொப்பளிப்பதைப் பார்த்தேன். விரால் குஞ்சுகள். மூச்சு வாங்க மேலே வந்து வந்து போயின.

எனக்குத் தெரியும். குஞ்சைக் காக்கும் விரால் பசிக்காக இரையை அடிப்பதில்லை. கிட்ட வருவது எதுவானாலும் விரட்டத்தான் அடிக்கும். நான் அடித்த வண்ணத்தின் திறமை என்று நினைத்தது பெற்ற மனசின் பதற்றம். அப்போதே திருப்பி விட்டிருக்கலாம். பேரன் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். மத்தியானம் குழம்பு. என் தட்டில் விழுந்த துண்டையும் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை தனியாகப் போய்ப் பார்த்தேன். அந்த இடத்தில் சிவப்பு இல்லை. ஜிலேபிக் கெண்டைகள் மேய்ந்துகொண்டிருந்தன.

முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளிடம் “தெரிஞ்சும் சொல்லாம இருக்கிறது தப்பு” என்று சொன்னவன் நான். அன்று மாலை பேரனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “நேத்தே சொல்லியிருந்தா விட்டிருப்பேனே தாத்தா” என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போதும் வண்ணம் அடித்துத் தருகிறேன். தண்ணீரில் சிவப்புத் திட்டு தெரிந்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கரைக்குப் போய்விட வேண்டும். அதுதான் கூலி. கரைவெட்டி போன்ற சரணாலயப் பக்கம் தூண்டிலோடு போகவே கூடாது. 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஏரி அது, பறவைகளுக்கானது.

உங்கள் ஊர் ஏரியில் விரால் குஞ்சுத் திட்டைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்தால் பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கும் காட்டுங்கள். அப்போதே சொல்லிவிடுங்கள்.