வினவலுக்குள் ஒரு மறுபெயர்

தரவுத்தள வினவலில் ஓர் அட்டவணைக்கோ அதன் நெடுவரிசைக்கோ அவ்வினவல் முடியும்வரை மட்டும் சூட்டப்படும் பெயர் அலயஸ், அதாவது மாற்றுப்பெயர், எனப்படும். பத்திரங்களில் ஒருவரின் இரு பெயர்களுக்கு நடுவே அடைப்புக்குறிக்குள் நிற்கும் 'எ' என்ற எழுத்தின் வேலையை எஸ்க்யூஎல் மொழியில் 'ஆஸ்' என்னும் சொல் செய்கிறது. தட்டச்சை மிச்சப்படுத்தவே மாற்றுப்பெயர் ஏற்பட்டது என்பது இன்றைய பயிற்சி வகுப்புகள் பரப்பிவிட்ட எண்ணம். பணியாளர் அட்டவணையில் ஒவ்வொருவருக்கும் நேராக அவருடைய மேலாளரின் எண்ணும் பதிந்திருக்கையில், இருவர் பெயரையும் ஒரே வரியில் எடுக்க அதே அட்டவணையை இருமுறை இணைக்க வேண்டியிருப்பதால், 'ஊழியர்', 'மேலாளர்' என இரண்டு பெயர்கள் இல்லாமல் அந்த இணைப்பு கூடாது.

'செலக்ட்' பகுதியில் சூட்டிய பெயரை 'வேர்' நிபந்தனை அறியாததற்கும், 'ஆர்டர் பை' அறிவதற்கும் காரணம், வடிகட்டல் பெயர்சூட்டலுக்கு முந்தியது, வரிசைப்படுத்தல் பிந்தியது என்பதே. இது எவருக்கும் தெரிந்ததுதான்.

தொழிலில் முதிர்ந்தவர்களையும் வீழ்த்துவது வேறொன்று. 'ரசீது' அட்டவணையில் 'எண்' என்ற நெடுவரிசையும், 'ரத்து' அட்டவணையில் அதற்கு இணையாக 'ரசீது_எண்' என்ற நெடுவரிசையும் இருப்பதாகக் கொள்வோம். ரத்தானவற்றை மட்டும் நீக்க விரும்புபவர், உள்வினவலில் மறதியாக ரத்து அட்டவணையிலிருந்து 'எண்' என்று கேட்டுவிட்டால், அங்கே அப்படியொன்று இல்லாததால் தரவுத்தளம் பிழை காட்டும் என்றே எதிர்பார்ப்பார். ஆனால் அது வெளிவினவலுக்குள் தேடி ரசீதின் 'எண்'ணை எடுத்துக்கொள்ள, ஒவ்வொரு ரசீதின் எண்ணும் தன்னோடு தானே ஒப்பிடப்பட்டு, ரத்து அட்டவணையில் ஒரே ஒரு வரி இருந்தாலும் எண்ணுள்ள ரசீதுகள் அனைத்தும் அழிகின்றன. உள்வினவலைத் தனியே இயக்கினால் பிழை வரும், உள்ளே வைத்து இயக்கினால் வராது என்பதுதான் இதன் கொடுமை. 'ரத்து'வுக்கு 'நீக்கம்' என்று மாற்றுப்பெயர் தந்து 'நீக்கம்.எண்' என எழுதியிருந்தால், பெயர் வெளியே கசிய வழியின்றி வினவல் அங்கேயே நின்றிருக்கும். முழுப் பெயரை முன்னொட்டாக எழுதினாலும் இதே காப்பு கிடைக்கும் என்பது உண்மை. முழுப் பெயரை எல்லா இடத்திலும் எழுதும் பொறுமை எவருக்கும் இருந்ததில்லை என்பதும் உண்மை.

இத்தகைய பெயர்களை ஆராய்ந்து வைப்போரைப் பழைய பாணிக்காரர் எனப் பரிசீலனைக் கூட்டங்களில் நகைப்பதும், 'ஏ', 'பி', 'டி1', 'டி2' என்று கருவிகள் உமிழ்வதை அப்படியே ஒப்படைப்பதும் இப்போது வழக்கமாகிவிட்டன. ஆறு மாதம் கழித்து 'டி4' எந்த அட்டவணை என்று எழுதியவருக்கே தெரிவதில்லை.

'ஆஸ்' என்ற சொல்லை விட்டுவிடும் பழக்கத்துக்கு மட்டும் இளையோரைக் குறைசொல்வதற்கில்லை. ஆரக்கிள் தரவுத்தளம் அட்டவணையின் மாற்றுப்பெயருக்கு முன் அச்சொல்லை ஏற்பதில்லையாதலால், அங்கே பயின்ற மூத்தோரே நெடுவரிசைகளிலும் அதைக் கைவிட்டனர். அச்சொல் கட்டாயமில்லாததால், 'பெயர்', 'ஊதியம்' என்ற இரண்டுக்கும் நடுவே ஒரு காற்புள்ளி விடுபட்டால் பின்னது முன்னதன் மாற்றுப்பெயராகிவிட, ஊதியம் என்ற தலைப்பின்கீழ் ஆட்களின் பெயர்கள் வரிசையாக நிற்கும் அறிக்கை எந்தப் பிழைச்செய்தியும் இன்றிக் கணக்குப்பிரிவின் மேசைக்குப் போய்ச் சேர்கிறது.