பச்சை ஆப்பிள் வாசனை

டிஸ்கி: குடிங்கன்னு சொல்ற பதிவு இல்ல இது. குடிக்காதீங்கன்னு அட்வைஸும் இல்ல. ரூம்ல இருந்த நாலு பேருக்கும் 21 முடிஞ்சாச்சு.

செமஸ்டர் முடிஞ்ச கையோட நாங்க நாலு பேர் பாண்டிச்சேரி போனோம். எதுக்குன்னு கேட்கிற அப்பாவிகள் இந்தப் பதிவை இதோட மூடிடலாம் :-) கடை அலமாரியில பச்சை ஆப்பிள், ஆரஞ்சு, எலுமிச்சைன்னு வரிசையா வோட்கா. ஜூஸ் கடைக்குள்ள வந்துட்டோமான்னு சந்தேகமே வந்துருச்சு. பச்சை ஆப்பிளை எடுத்தோம்.

நான் அதுவரைக்கும் குடிச்சதில்ல. பெரிய கொள்கையெல்லாம் இல்ல, வாசனைதான் காரணம். ராத்திரி அப்பா வாசல்ல செருப்பு கழட்டுறதுக்கு முன்னாடியே பிராந்தி வாசனை உள்ள வந்துரும். அம்மா பேசாம எழுந்து சோறு போடப் போவாங்க. நான் புத்தகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு படிக்கிற மாதிரி நடிப்பேன். அந்த வாசனை என் வாயில வரக்கூடாது, அவ்வளவுதான்.

இதுல அது இல்லவே இல்ல. மூடியைத் திறந்தா மிட்டாய்க்கடை வாசனை. ஐஸ் போட்டு, கொஞ்சம் சோடா ஊத்தி முதல் வாய். நாக்கு நுனியில இனிப்பு, அப்புறம் தோலோட ஆப்பிளைக் கடிச்ச மாதிரி ஒரு புளிப்பு, கடைசியா தொண்டைக்குக் கீழ மெதுவா ஒரு சூடு. பொய் சொல்ல விரும்பல, ரொம்பப் பிடிச்சிருந்தது.

காமர்ஸ் மாணவன் புத்தி சும்மா இருக்குமா? ஊருக்கு வந்து கொஞ்சம் படிச்சேன். அமெரிக்கச் சட்டத்துல 2020 வரைக்கும் வோட்கான்னா தனியா மணம், சுவை, நிறம் எதுவும் இருக்கக்கூடாதுன்னே எழுதி வெச்சிருந்தாங்க. சுவையே இல்லாத சரக்கை எப்படி வித்தியாசப்படுத்தி விக்கிறது? ரஷ்யாவுலயும் போலந்துலயும் மிளகாய், தேன், புல்லுன்னு ஊறவைக்கிறது பழைய வழக்கம். ஸ்வீடனோட அப்சல்யூட் 1986-ல மிளகாய் ருசி, 1988-ல எலுமிச்சை ருசின்னு இறக்குச்சு. மார்க்கெட்டிங் பேப்பர்ல பத்து மார்க் கேள்விக்கு இதையே பதிலா எழுதலாம்.

அப்படியே நோட்டுல ஒரு கணக்கும் போட்டேன். அன்னிக்கு நான் குடிச்சது மூணு லார்ஜ், 180 மில்லி. லேபிள்ல 37.5 சதவீதம். ஆக, சுத்த ஆல்கஹால் மட்டும் 67.5 மில்லி. 5 சதவீத பீர்னா 650 மில்லி பாட்டில் ரெண்டுக்கு மேல. பீரா இருந்திருந்தா வயிறு ரொம்பி பாதியில நிறுத்தியிருப்பேன். இது ஒரு மணி நேரத்துல ஜூஸ் மாதிரி இறங்கிருச்சு. அப்புறம்தான் உறைச்சது: 180 மில்லின்னா ஒரு குவார்ட்டர். அப்பாவோட அளவு.

மிச்சமிருந்ததை ஒரு தண்ணி பாட்டில்ல ஊத்தி பையில வெச்சிருந்தேன். வழியில கசிஞ்சு சட்டையெல்லாம் ஆயிருச்சு. துவைக்க எடுத்த அம்மா மோந்து பார்த்துட்டு, "என்னடா, ஆப்பிள் வாசனை வருது? புது சென்ட்டா?"ன்னாங்க.

"ஆமாம்மா."

"நல்லாருக்குடா."

அப்பாவை இத்தனை வருஷமா வாசனையை வெச்சுத்தான் அம்மா பிடிச்சாங்க. என்னைப் பிடிக்க அவங்ககிட்ட ஒண்ணுமே இல்ல.

ருசி நல்லாத்தான் இருந்தது, இப்பவும் அதையே சொல்வேன். ஆனா இந்தப் பதிவைப் போடுறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட சொல்லிடணும்னு நினைச்சேன். இன்னும் சொல்லல.