பாடம் செய்த மலர்கள்

எழுதுவதற்குரிய ஓலையைப் பக்குவப்படுத்துவதை நம் முன்னோர் 'பாடம் செய்தல்' என்றனர். அச்சொல் மலருக்கும் பொருந்தும் என்பதை நான் உணர்ந்தது, மறைந்த அம்மம்மாவுக்கென ஒரு நினைவேடு தயாரிக்கத் தொடங்கிய பின்னரே.

சொறிக்கல்முனையிலுள்ள எங்கள் வீட்டில் அவரது இளமைக்காலப் புகைப்படம் ஒன்றேனும் இல்லை. 1990ஆம் ஆண்டு வன்செயலின்போது குடும்பம் ஊரைவிட்டு வெளியேறியது. திரும்பி வந்தபோது படங்கள் இருந்த பெட்டியைக் காணவில்லை. முதுமையில் எடுத்த படங்களை ஒட்டிய பின்னும் ஏட்டின் முற்பகுதி வெறுமையாகவே கிடந்தது. அப்பக்கங்களை மலர்களால் நிரப்ப எண்ணினேன்.

திருச்சிலுவை ஆலயத் திருவிழாவுக்குக் கடதாசிப் பூச் செய்வதில் அம்மம்மா கைதேர்ந்தவர். கிறேப் தாளின் சுருக்கங்கள் இதழின் நெடுக்கில் அமையுமாறு வெட்ட வேண்டும். பின்னர் இரு பெருவிரல்களாலும் நடுவே மெல்ல இழுத்தால் இதழ் குழிந்து உயிர்பெறும். மாறி வெட்டினால் எவ்வளவு இழுத்தும் குழியாது. கல்முனையில் தாள் வாங்கி, மருதமுனைத் தோழி தந்த கைத்தறி நூலைக் கேசரமாக வைத்து நானும் செய்தேன். பூக்கள் அழகாகவே அமைந்தன. ஆனால், ஒட்டியதும் ஏடு மூட மறுத்தது.

ஆதலால் உண்மை மலர்களை நாடினேன். அம்மம்மா நட்ட செவ்வரத்தையில் ஒரு பூவைப் பறித்து, தடித்த புத்தகமொன்றின் நடுவே வைத்தேன். சில நாட்களில் அது கறுத்துப் பூஞ்சணம் பிடித்தது. மாரிக்காலத்து ஈரக்காற்றும், பூவின் தடித்த அடிப்பகுதியில் தேங்கிய நீருமே காரணம். பனி உலர்ந்த பின் பறிக்க வேண்டும். தடித்த பகுதியை நீக்க வேண்டும். மையுறிஞ்சும் தாள்களுக்கிடையே வைத்துப் பாரமேற்றி, முதல் நாட்களில் தாளை அடிக்கடி மாற்ற வேண்டும். இவற்றைக் கற்றபின் போகன்வில்லா கைகொடுத்தது. அதில் நாம் இதழ் என்று கருதுவது உண்மையில் நிறமூட்டிய இலையே. நீர் குறைந்த அந்த மெல்லிலை விரைவில் உலர்ந்தது. நிறமும் பெரிதும் மாறவில்லை.

இத்தொழில் வெறும் அலங்காரமன்று. ஒல்லாந்தர் காலத்தில், 1670களில், இலங்கையில் வைத்தியராகப் பணியாற்றிய போல் ஹேர்மன் இத்தீவின் செடிகளை அழுத்தி உலர்த்தி ஏடுகளில் ஒட்டினார். அவர் இறந்து அரை நூற்றாண்டு கழிந்தபின், அவற்றை ஆராய்ந்தே லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை வெளியிட்டார். அவ்வேடுகள் இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் உள்ளன. நிறம் மங்கிய அச்செடிகள் சான்றாகக் கொள்ளப்படுவது, அவை ஒருகாலத்தில் இம்மண்ணில் உண்மையாகவே நின்றவை என்பதனால் அன்றோ?

இவ்வினா என் மனத்தில் இருந்தபோதுதான், அம்மம்மாவின் இளமைத் தோற்றத்தைக் கணினியால் உருவாக்கித் தருவதாக உறவினர் ஒருவர் கூறினார். ஆசை எழுந்தது உண்மை. வெற்றுப் பக்கத்தில் ஒரு முகம் கிடைக்குமென்றால் யார்தான் மறுப்பர்? அம்மாவிடம் கேட்டேன். தொலைந்துபோன திருமணப் படத்தைச் சிறு வயதில் அவர் பார்த்திருக்கிறார். முகம் தெளிவாக நினைவில்லை என்றார். ஆனால், மணப்பெண்ணின் கையிலிருந்த செண்டு அவரே செய்த கடதாசிப் பூக்களால் ஆனது என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறதாம்.

உறவினரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் செய்த பூவொன்றைப் பிரித்து, இதழ்களைத் தட்டையாக்கி, செவ்வரத்தை அழுகிய அதே புத்தகத்தினுள் வைத்து அழுத்தினேன். இம்முறை பூஞ்சணத்துக்கு அஞ்ச வேண்டியிருக்கவில்லை. திருமணப் பக்கத்தில் அவ்விதழ்களை ஒட்டி, அவற்றைச் செய்தவள் நான் என்பதையும் தேதியையும் குறித்தேன். அதன் கீழே அம்மா கூறியதை அவர் கையாலேயே எழுதச் சொன்னேன். எதிர்ப்பக்கத்தில் முற்றத்துப் போகன்வில்லா இருக்கிறது. இப்போது ஏடு மூடுகிறது.