கலங்கல் தண்ணீர் கடலுக்குப் போனால் வீணா?

செய்யூர் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். உப்பங்கழி ஓரத்தில் ஒன்றரை ஏக்கர் நிலம். நட்ட பத்தாம் நாளே பயிர் நுனி கருகுகிறதாம். ஏக்கருக்கு எத்தனை மூட்டை ஜிப்சம் போடலாம் என்று கேட்கிறார். இதே கேள்விக்கு நான் ஒருமுறை தவறான பதில் சொல்லியிருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சிங்கப்பெருமாள் கோயில். ஏரிப்பாசனம் பார்த்து வளர்ந்தவன். உப்பு நிலத்தைப் பாடத்தில் படித்ததோடு சரி. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் வெள்ளை பூத்துக் கிடந்த வயலைப் பார்த்தேன். மண்ணைப் பரிசோதிக்காமலே 'களர்' என்று முடிவுகட்டி, ஜிப்சம் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெரியவர் கடன் வாங்கிப் போட்டார். பயிர் கருகிவிட்டது.

அவர் என்னைத் திட்டவில்லை. வரப்பில் உட்கார வைத்துச் சொன்னார்: "சார், எங்க தாத்தா காலத்துலேர்ந்தே இது உப்பு பூமிதான். மேல ஏரி ரொம்பி கலங்கல் போச்சுன்னா தண்ணி இங்கதான் வரும். மொதத் தண்ணிய ரெண்டு மூணு நாள் கட்டி வெச்சு வடிச்சுடுவோம். அப்புறம் இன்னொரு தண்ணி. வாயில வெச்சுப் பாப்போம். கரிப்பு போனாத்தான் நாத்து. இப்ப தண்ணியே வரலியே, நீங்க மூட்டை மூட்டையா போடச் சொல்லி இன்னா ஆவும்?"

அன்றைக்குத்தான் இந்தக் கடலோரத்தின் கதை எனக்குப் புரிய ஆரம்பித்தது. செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்பார்கள். ஒரு ஏரி நிறைந்தால் அதன் கலங்கல் அடுத்த ஏரிக்கு. கடைசி ஏரியின் உபரி கழிவெளிக்கு. அங்கிருந்து முகத்துவாரம் வழியாகக் கடலுக்கு. ஓரத்து வயல்கள் இந்த நல்ல தண்ணீரால்தான் ஆண்டுக்கு ஒரு போகம் விளைந்தன. ஐப்பசி, கார்த்திகை மழை உப்பைக் கீழே தள்ளும். கோடையில் அது மறுபடி மேலே ஏறும்.

இந்தக் கழிகளை வடக்கு தெற்காகக் கோத்துப் போகிறது பக்கிங்காம் கால்வாய். 1877-78 பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்தவர்கள் வெட்டிய பகுதி சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிறது. பெயர் அப்போதைய கவர்னருடையது. மண் சுமந்தவர்கள் பெயர் எங்கும் இல்லை. தெற்கே மரக்காணம் வரை உப்பும் விறகும் படகில் போய்வந்தன. படகு நின்றது, மதகுகளைக் கவனிப்பாரில்லை, கடல் ஏற்றம் தடையில்லாமல் உள்ளே வருகிறது.

பிறகு ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. நல்ல தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, அடியில் உப்புநீர் ஏறியது. இறால் பண்ணைகளும் வந்தன. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு அந்தப் பிரச்னை போனது. ஆனால் என்னைக் கேட்டால், பெரிய அடி விழுந்தது உபரிக் கால்வாய்களில்தான். 'வீணாகக் கடலுக்குப் போகிற தண்ணீர்தானே' என்று தூர்த்தார்கள், மனை போட்டார்கள். விவசாயிகளிலும் சிலர் வரப்பை நகர்த்தினார்கள். இதை எழுதினால் கோபம் வரும், தெரியும்.

2004 சுனாமிக்குப் பிறகு நிலம் இனி எழும்பாது என்று பயந்தோம். அடுத்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை கொட்டியது. நான் பார்த்த வயல்களில், வடிகால் திறந்திருந்தவை தேறின. அடைபட்டவற்றில் மழைநீர் நின்று, உப்பு அங்கேயே தங்கிவிட்டது.

இனி வாசகருக்குப் பதில். ஜிப்சம் வாங்காதீர்கள், முதலில் மண்ணைப் பரிசோதியுங்கள். கார அமில நிலை 8.5-க்கு மேலிருந்து சோடியமும் மிகுந்திருந்தால் அது களர், அதற்குத்தான் ஜிப்சம். 8.5-க்குக் கீழே, மின்கடத்தும் திறன் 4-க்கு மேல் என்றால் உவர். அதற்கு நல்ல தண்ணீரும் வடிகாலும்தான் மருந்து. தண்ணீர் வந்து ஓரளவு உப்பு வடிந்த பிறகு தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் முன் மடக்கி உழுங்கள். உப்பைத் தாங்கும் கோ 43 போன்ற ரகம் பாருங்கள். நாற்றை நன்றாக முற்றவிட்டு, குத்துக்குக் கூடுதல் நாற்று வையுங்கள்.

உங்கள் ஊர் ஏரியின் கலங்கலிலிருந்து உங்கள் வயல் வரை ஒருமுறை நடந்தும் பாருங்கள். எங்கே அடைத்திருக்கிறது என்று குறித்து, மழைக்கு முன்பே கிராம சபையில் மனு கொடுங்கள். பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கும் எழுதுங்கள். இந்த முறை அதைப் பார்க்காமல் அளவு சொல்ல மாட்டேன். அந்தப் பெரியவர் என் சீட்டை நம்பி வாங்கிய கடனை அடைக்க இரண்டு பட்டம் ஆனது.