அப்ளிகேஷனைப் போடுடி!

அன்புத் தோழிக்கு,

நலம், நலமறிய ஆவல் எல்லாம் அப்புறம். கிளார்க்கிலிருந்து ஆபீசர் பிரமோஷனுக்குச் சர்குலர் வந்து கிடக்கிறதாம், நீ மட்டும் "லோன் சைடு எனக்கு ஒன்றும் தெரியாதே, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று இழுக்கிறாயாம். யார் சொன்னது என்று கேட்காதே. பேங்க்கில் செக்கைவிட சேதிதான் சீக்கிரம் கிளியர் ஆகும்.

எங்கள் கிளைக் கதையை முதலில் கேள். கடன் பிரிவில் ஒரு தம்பி இருக்கிறான், வேலைக்குச் சேர்ந்து ரொம்ப நாள் ஆகவில்லை. சர்குலர் வந்த அன்று சாயங்காலமே விண்ணப்பித்துவிட்டான். பேலன்ஸ் ஷீட்டைக் கையில் கொடுத்து கரண்ட் ரேஷியோ சொல்லச் சொன்னால் தலையைச் சொறிவான். கேட்டால், "செலக்ட் ஆனதும் படிச்சுக்கலாம் மேடம்" என்கிறான். அவனுக்கு எதிர் சீட்டில் எங்கள் ஹெட் கேஷியர் அக்கா. புதிதாக வருகிற ஆபீசர் ஒவ்வொருவரும் முதல் மாதம் முழுக்க அக்காவிடம்தான் பாடம் கேட்பார்கள். எந்த வவுச்சர் எங்கே போகும், இறந்தவர் கணக்குக்கு என்னென்ன பேப்பர் வாங்க வேண்டும் என்று எல்லாம் அக்கா வாயால் வர வேண்டும். அந்த அக்கா சொல்கிறாள், "எனக்கெல்லாம் ஆபீசர் வேலை சரிப்படாதும்மா." தம்பி மேனேஜர் ஆகி அக்காவிடமே சந்தேகம் கேட்கப் போகிறான், இருந்து பார்.

நீயும் அந்த அக்கா வழியில் போகிறாயோ என்றுதான் எனக்குப் பயம்.

சர்குலரை நிதானமாக எடுத்துப் படி. என்ன கேட்கிறார்கள்? இத்தனை வருஷம் சர்வீஸ், ஒரு எழுத்துத் தேர்வு, பிறகு இன்டர்வியூ. சர்வீஸ் உன்னிடம் வேண்டிய மட்டும் இருக்கிறது. ஜே.ஏ.ஐ.ஐ.பி. தேர்வை முடித்து இன்கிரிமென்டும் வாங்கிவிட்டாய். சர்குலர் கேட்கிற தகுதி உன்னிடம் இருக்கிறது. நீ உன்னிடம் கேட்டுக்கொள்கிற தகுதிதான் சர்குலரில் இல்லை!

"ஆனா லோன்?" என்பாய். அதற்கும் வருகிறேன். நீ இத்தனை காலம் செய்தது என்ன? நீ என்ட்ரி போடுகிறாய், ஆபீசர் பாஸ் பண்ணுகிறார். ஒருவர் போட்டு இன்னொருவர் சரிபார்த்தால்தான் கணக்கு ஏறும் என்பது பேங்க் முறை. தப்பாகப் போட்டால் எது திரும்பி வரும், எந்தக் கையெழுத்தைச் சந்தேகப்பட வேண்டும் என்று உனக்கு மனப்பாடம். பணப்பெட்டகத்தின் இரண்டு சாவியில் ஒன்று கேஷ் பார்க்கிறவரிடம், இன்னொன்று ஆபீசரிடம். ஒரு சாவியை நீ எத்தனை காலமாக வைத்திருக்கிறாய்! மற்றச் சாவியை வைத்திருப்பவர் என்ன செய்கிறார் என்று தினம் பார்க்கிறாய். பாதி ஆபீசர் வேலை உனக்குத் தெரியும், சம்பளம்தான் வரவில்லை.

தெரியாத மீதியும் மலையில்லை. தொண்ணூறு நாள் தவணை வராவிட்டால் கணக்கு என்.பி.ஏ., அதாவது வாராக்கடன். சிறுதொழிலுக்கு நடைமுறை மூலதனம் என்றால், எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 20 சதவீதம் பேங்க் தரலாம், 5 சதவீதம் அவர் கையிலிருந்து போட வேண்டும். நாயக் கமிட்டி போட்டுக்கொடுத்த கணக்கு. இதெல்லாம் உட்கார்ந்து படித்தால் வருவது. பிரமோஷன் கிடைத்ததும் பயிற்சிக்கு அனுப்புவார்கள். அதோடு, புது ஆபீசர் கையில் கோடிகளை யாரும் தூக்கிக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு ஸ்கேலுக்கும் இவ்வளவுதான் சாங்ஷன் பண்ணலாம் என்று வரம்பு உண்டு. அதற்கு மேல் போனால் ஃபைல் மேலிடத்துக்குப் போகும்.

பெரிய இடத்துக் கதையும் இதேதான். ஸ்டேட் பேங்க்கின் முதல் பெண் தலைவர் அருந்ததி பட்டாச்சார்யா கல்லூரியில் படித்தது ஆங்கில இலக்கியம். 1977-ல் புரொபேஷனரி ஆபீசராகச் சேர்ந்து, 2013-ல் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் பேங்க் நஷ்டத்தில் திணறிக்கொண்டிருந்தபோது, 2000-ல் அதன் தலைமைக்கு வந்தவர் ரஞ்சனா குமார். மூழ்குகிற பேங்க்கைக் கரையேற்ற எந்தக் கோர்ஸில் டிப்ளமா கொடுக்கிறார்கள்? சீட்டில் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

ஆண்கள் 60 சதவீதத் தகுதி இருந்தாலே விண்ணப்பிப்பார்கள், பெண்கள் 100 வேண்டும் என்று காத்திருப்பார்கள் என்று ஒரு பேச்சு ஊரெல்லாம் சுற்றுகிறது அல்லவா? தாரா மோர் என்கிற அமெரிக்க எழுத்தாளர் அதைத் துருவி 2014-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண், பெண்களிடம் ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்டிருக்கிறார். "அந்த வேலையை என்னால் நன்றாகச் செய்ய முடியாது" என்றவர்கள் கொஞ்சம் பேர்தான். "கேட்ட தகுதி இல்லை, எப்படியும் எடுக்க மாட்டார்கள், எதற்கு வீண் வேலை?" என்றவர்களே அதிகம், ஆண்களிலும் கூட. ஆக, தங்களால் முடியாது என்பதற்காக அல்ல, தேர்வுக் குழு சொல்லப்போகும் பதிலைத் தாங்களே முன்கூட்டிச் சொல்லிக்கொண்டுதான் பலர் ஒதுங்குகிறார்கள். வேண்டாம் என்று சொல்வது அவர்கள் வேலை. அதை நீ ஏன் இழுத்துப்போட்டுச் செய்கிறாய்?

சரி, இப்போது கோபப்படாமல் ஒன்று கேட்கிறேன். உனக்கு நிஜமாகவே லோன் தெரியாததுதான் பிரச்சினையா? இல்லை, டிரான்ஸ்ஃபரா?

கிளார்க்காக இருக்கும்வரை பெரும்பாலும் நம் மாநிலத்துக்குள்ளேயே காலம் ஓடிவிடும். ஆபீசர் என்றால் இந்தியாவில் எந்த மூலைக்கும் தூக்கிப் போடலாம். உன் மகள் பிளஸ் டூ. மாமியாருக்கு முழங்கால். வீட்டுக்காரருக்குச் சமையல்கட்டு எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நியாயமான காரணம்தான். ஆனால் அதை "எனக்குத் தகுதி போதாது" என்று பெயர் மாற்றிச் சொல்லாதே. அப்படிச் சொல்லிச் சொல்லியே கடைசியில் நீயே நம்பிவிடுவாய், கிளையும் நம்பிவிடும். டிரான்ஸ்ஃபர்தான் தடை என்றால் அதை வீட்டில் உட்கார்ந்து பேசு. மகள் தேர்வு முடியும்வரை யார் பார்ப்பது, உன் அம்மா வந்து இருப்பார்களா, வீட்டுக்காரர் குக்கர் வைக்கக் கற்றுக்கொள்வாரா என்று ஒவ்வொன்றாகக் கேள். திருமணமான பெண் ஊழியர் கேட்டுக்கொண்டால் கணவர் இருக்கும் ஊரிலேயே முடிந்தவரை போடும்படி 2014-ல் மத்திய நிதித்துறை பொதுத்துறை வங்கிகளுக்கு எழுதியது. கேட்டவுடன் கிடைத்துவிடும் என்று சத்தியம் பண்ண மாட்டேன். கேட்காமல் நிச்சயம் கிடைக்காது.

இன்னொரு பயமும் உண்டு, கையெழுத்துப் பயம். நகைக்கடனில் போலி நகை வந்து மாட்டினால், கடன் வாராக்கடன் ஆனால், விளக்கம் கேட்டு ஆபீசருக்குத்தான் மெமோ வரும். அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் இந்தப் பயம் இன்னும் பத்து வருஷம் கழித்துப் போனாலும் கூடவே வரும். படிப்பால் தீர்கிற பயம் இல்லை அது. விதிப்படி ஃபைலை எழுதி வைத்தால்தான் அடங்கும். ஒரு ரூபாய் குறைந்தாலும் வீட்டுக்குப் போகாமல் கணக்கைத் தேடுகிற உனக்கு அது வராதா?

ஆகவே என் தீர்ப்பு இதுதான். இப்போதைக்கு வீட்டை விட்டுப் போக முடியாது என்று வீட்டாரோடு பேசி முடிவெடுத்தால், தாராளமாக விட்டுவிடு, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். "தெரியாது" என்பது மட்டும்தான் காரணம் என்றால் அது காரணமே இல்லை. தேர்வில் தவறினால் அதே கவுண்டர், அதே சம்பளம், அடுத்த வருஷம் கொஞ்சம் கூடுதல் படிப்பு. அவ்வளவுதான் நஷ்டம். கடைசித் தேதிவரை இழுக்காதே, அன்றைக்குச் சர்வர் படுத்துவிடும். நாளைக்கே போட்டுவிட்டு எனக்கு ஒரு போன் பண்ணு. அப்படியே அந்த ஹெட் கேஷியர் அக்காவிடமும் பேசு. நான் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறாள், நீ சொன்னால் கேட்பாள்.

என்றும் உன்,
வாயாடித் தோழி