மறக்க வேண்டிய உடை

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்று சொல்லிவைத்த பெரியவர், அந்த இரண்டாவது பாதியை எந்தக் கடையில், என்ன விலைக்கு வாங்குவது என்பதைச் சொல்லாமலே போய்விட்டார். அதன் பலனாக, வருஷா வருஷம் தை பிறந்ததும் நம் ஊர்களில் பட்டதாரிப் பிள்ளைகள் பலர் ஜவுளிக் கடைக்கும் தையற்கடைக்குமாக அலைந்துகொண்டிருக்கிறார்கள்.

தையில் அலைகிறார்கள் என்றதும் கல்யாணத்துக்கு என்று நினைத்துவிட வேண்டாம். இது மானேஜ்மெண்ட் படிப்புக்கான பேட்டி. இந்திய மேலாண்மைக் கழகங்கள் நம் நாட்டில் இருபதுக்கும் மேல் இருக்கின்றன. 1961-ல் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் தொடங்கிய குடும்பம் அது. வளர்ந்து பெருகி, 2011-ல் நம் திருச்சிக்கும் வந்து சேர்ந்தது. நவம்பர் கடைசியில் ‘காட்’ என்னும் நுழைவுத் தேர்வு. அதில் தேறியவர்களுக்குப் புது வருஷத்தில் அழைப்பு வரும். இன்ன தேதியில், இன்ன இடத்தில், இன்னின்ன ஸர்ட்டிபிகேட்டுகளுடன் வந்து சேரவும் என்று எல்லாம் விவரமாக இருக்கும். உடை விஷயம் மட்டும், குறிப்பிட்டிருந்தால், பெரும்பாலும் ‘ஃபார்மல்’ என்ற ஒரே வார்த்தையில் முடிந்துவிடும்.

அந்த ஒரு வார்த்தைக்கு வீட்டுக்கு வீடு அர்த்தம் வேறு. அப்பாவும் தாத்தாவும் உத்தியோகம் பார்த்த வீட்டில் அதற்கு அகராதி வேண்டியதில்லை. அலமாரிக் கதவைத் திறந்தால் அர்த்தம் தொங்கிக்கொண்டிருக்கும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைக்கு அது ஒரு விடுகதை. கோட்டு உண்டா, இல்லையா? டை கட்ட வேண்டுமா? பூட்ஸ் கறுப்பா, பழுப்பா? நுழைவுத் தேர்வில் வராத கேள்விகள் இவை. ஆனால் அவன் தூக்கத்தைக் கெடுப்பவை இவைதான்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு நண்பர் இருக்கிறார். அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறவர். வெள்ளை வேட்டியும் அரைக்கைச் சட்டையும் தவிர வேறு உடையில் அவரை நான் பார்த்ததில்லை. அவருடைய பிள்ளைக்கு இரண்டு இடங்களிலிருந்து பேட்டிக்கு அழைப்பு வந்திருந்தது. அப்பாவும் பிள்ளையுமாக ஒரு மாலை என் வீட்டுக்கு வந்தார்கள். பிள்ளையின் கையில் ஒரு பை. பைக்குள் அத்திம்பேருடைய கல்யாணக் கோட்டு.

“போட்டுக் காட்டுடா மாமாவுக்கு” என்றார் அப்பா.

பையன் போட்டுக்கொண்டான். அத்திம்பேர் ஆஜானுபாகுவான ஆசாமி. கோட்டின் கை, பையனின் விரல் நுனியை மறைத்தது. தோளில் இன்னொருவர் உட்காரலாம் போல் இடம் இருந்தது.

“இது ஒத்துவராது ஸார், எனக்கே தெரிகிறது” என்று நண்பர் பெருமூச்சு விட்டார். “புதிதாகத் தைத்தால் எட்டாயிரம் சொல்கிறான். தபாலாபீஸில் கொஞ்சம் போட்டு வைத்திருக்கிறேன். பெண்ணின் பிரசவத்துக்கென்று வைத்தது. எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். கோட்டு இல்லாமல் இவனை அனுப்பி, அதனால் இடம் கிடைக்காமல் போயிற்று என்று வையுங்கள். ஆயுசு பூராவும் எனக்கு அது உறுத்தாதா?”

இதற்கு என்ன பதில் சொல்வது? ‘உடையிலே என்ன ஸார் இருக்கிறது?’ என்று வேதாந்தம் பேசிவிடலாம். பேசுகிறவன் பிள்ளைக்குப் பேட்டி இல்லாதபோது வேதாந்தம் சுலபமாக வரும்! நான் பையனைப் பார்த்து, “நெல் விலை ஏறும்போது அரிசி விலையும் உடனே ஏறுவதில்லையே, ஏன்?” என்று கேட்டேன். மண்டிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாத விஷயமா? ஆனால் அவன் வலது கை இடது கைக் கோட்டை மேலே இழுத்துக்கொண்டிருந்தது; இடது கை வலது கைக் கோட்டை இழுத்தது. “அது வந்து... மாமா...” என்றான். கோட்டைக் கழற்றச் சொல்லி அதே கேள்வியைக் கேட்டேன். பழைய கையிருப்பு, ஆலைக்காரர், மொத்த வியாபாரி, கடன் வாய்தா என்று ஐந்து நிமிஷம் பொழிந்து தள்ளினான். நண்பர் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். பேட்டிக்குப் போட்டுக்கொள்ளும் உடைக்கு ஒரே ஒரு வேலை உண்டு: உள்ளே நுழைந்த ஒரு நிமிஷத்துக்குள் எல்லோராலும் மறக்கப்படுவது. கேட்கிறவர்கள் மறக்க வேண்டும். அதைவிட முக்கியம், போட்டுக்கொண்டவன் மறக்க வேண்டும். அழுக்குச் சட்டையை யாரும் மறக்க மாட்டார்கள். பளபளக்கும் பட்டு டையையும் மறக்க மாட்டார்கள். இரண்டும் ஒரே குற்றத்தின் இரண்டு முனைகள்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று எண்ணிவிட வேண்டாம். இன்றைய ஆண்களின் கறுப்புக் கோட்டுக்கும் நீளக் காற்சட்டைக்கும் மூலபுருஷர்களில் ஒருவர் பியூ பிரம்மல் என்ற ஆங்கிலேயர். 1778-ல் பிறந்தவர். ஜரிகையும் பூவேலையுமாக மினுக்கிக்கொண்டிருந்த பிரபுக்களை, கச்சிதமாகத் தைத்த கருநிறக் கோட்டுக்கும் சலவை மாறாத வெள்ளைத் துணிக்கும் திருப்பியவர். தெருவில் போகிறவன் திரும்பிப் பார்த்தால் நாம் சரியாக உடுத்தவில்லை என்று அர்த்தம் என்பது அவர் கொள்கையாம். கொள்கை நல்லதுதான். ஆனால் கடன் கழுத்தை நெரிக்க, 1816-ல் பிரான்ஸுக்கு ஓடிப்போய், 1840-ல் அங்கே ஒரு மனநோய் விடுதியில் காலமானார். எட்டாயிரத்துக்குக் கோட்டுத் தைக்க நினைக்கும் தகப்பனார்கள் கொள்கையோடு இந்த முடிவையும் சேர்த்துத் தெரிந்துகொள்வது நல்லது.

நம்மிடையே ஒருவரின் கதை இன்னும் ருசியானது. 1888-ல் பாரிஸ்டர் படிப்புக்காக லண்டனுக்குப் போன பத்தொன்பது வயசுப் பிள்ளை ஒருவர், கப்பலிலிருந்து இறங்கும்போது போட்டுக்கொள்ளவென்று வெள்ளை பிளானல் உடுப்பைப் பத்திரமாக வைத்திருந்தார். இறங்கிப் பார்த்தால், அந்த இலையுதிர் காலத்தில் வெள்ளை உடுத்தியவர் அவர் ஒருவர்தான்! கூச்சம் பிடுங்கித் தின்றது. பிறகு வட்டியும் முதலுமாகச் செலவழித்தார். பாண்டு தெருவில் பத்துப் பவுனுக்கு மாலை உடுப்பு. பத்தொன்பது ஷில்லிங்குக்குத் தொப்பி. தினந்தோறும் கண்ணாடிக்கு முன்னால் டை கட்டவும் வகிடு எடுக்கவும் பத்து நிமிஷம். அந்தப் பிள்ளைதான் 1921-ல் நம் மதுரையில் அரைத்துண்டுக்கு மாறினார். 1931-ல் அதே துண்டோடும் சால்வையோடும் இங்கிலாந்து மன்னரின் அரண்மனைக்குள் நுழைந்தார். காந்தியடிகளே முதலில் உடையைப் பற்றிக் கவலைப்பட்டுத்தான் பிறகு அதை மறக்கக் கற்றார் என்றால், மண்டிக் கணக்குப்பிள்ளையின் பையன் கவலைப்படுவதை நாம் கேலி செய்யலாமா?

சரி, காரியத்துக்கு வருவோம். பையனுக்கு நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உபயோகப்படட்டும்.

சட்டை வெள்ளை அல்லது வெளிர் நீலம், முழுக்கை, கோடும் பூவும் வேண்டாம். புதுச் சட்டையானால் ஒருமுறை துவைத்து, இஸ்திரி போட்டு உடுத்து. கடை மடிப்போடு போனால் மார்பில் ஜன்னல் மாதிரிக் கோடு விழுந்து, ‘இன்றுதான் வாங்கினேன்’ என்று ஊருக்கெல்லாம் சொல்லும். கால்சட்டை கருநீலம் அல்லது கருஞ்சாம்பல். பூட்ஸ் கறுப்புத் தோல். பெல்ட்டும் அதே நிறம். பூட்ஸ் புதிதானால் ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பழக்கு; கடித்த காலோடு பொருளாதாரம் பேச முடியாது. காலுறை கருநிறமாக, நீளமாக இருக்கட்டும். உட்கார்ந்ததும் கணுக்கால் எட்டிப் பார்க்கக் கூடாது. டை கட்டினால் அதன் நுனி பெல்ட்டின் கொக்கியைத் தொட்டு நிற்க வேண்டும். முதல் நாள் ராத்திரி கற்றுக்கொள்ளாதே. ஒரு வாரம் முன்னாலேயே பழகு. முடிவெட்டிக்கொள்வதும் நாலு நாள் முன்னாலேயே ஆகட்டும். நகம் வெட்டு. வாசனைத் திரவியம் வேண்டாம், அறை சின்னது.

கோட்டு இருந்தால், அளவாக இருந்தால், போட்டுக்கொள். சென்னை வெயிலில் பஸ்ஸில் போட்டுக்கொண்டு போகாதே. கைமேல் மடித்துப் போட்டுக்கொண்டு போய், வாசலில் மாட்டிக்கொள். கைநுனியில் தைத்திருக்கும் கம்பெனிச் சீட்டையும், பின்புறப் பிளவில் குறுக்கே போட்ட நூலையும் பிரித்துவிடு. அவை கடைக்காரருக்காகப் போட்டவை. கடைசிப் பொத்தானைப் போடாதே. ஏன் என்று கேட்டால், ஏழாம் எட்வர்டு மன்னருக்குத் தொந்தி பெருத்து அந்தப் பொத்தான் எட்டாமல் போனதாகவும், மரியாதைக்காக மற்றவர்களும் போடாமல் விட்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது. எவர் தொந்திக்கோ நாம் இன்னமும் மரியாதை செய்துகொண்டிருக்கிறோம்! கோட்டு இல்லையா? சுத்தமான முழுக்கைச் சட்டை போதும். சேர்க்கை விதிகளை இந்தக் கழகங்கள் அச்சிட்டு வெளியிடுகின்றன; தேர்வுக்கு இவ்வளவு, பேட்டிக்கு இவ்வளவு, பழைய மதிப்பெண்ணுக்கு இவ்வளவு, வேலை அனுபவத்துக்கு இவ்வளவு என்று. கோட்டுக்கு இவ்வளவு என்று ஒரு பத்தி அதில் கிடையாது.

“நெற்றியில் விபூதி இட்டுக்கொள்ளலாமா, மாமா?” என்று கேட்டான் பையன். “தினமும் இடுகிறாயா?” என்றேன். “ஆமாம்” என்றான். “அப்படியானால் இன்றைக்கு மட்டும் ஏன் அழிக்க வேண்டும்? தினமும் இடாதவன் இன்றைக்கு மட்டும் ஏன் இட வேண்டும்?” தாடி, தலைப்பாகை, கையில் கட்டிய கயிறு எல்லாவற்றுக்கும் இதே விதிதான். வேட்டிக்கும் இதேதான். 2014-ல் வேட்டி கட்டிய நீதிபதி ஒருவரைச் சென்னைக் கிளப் ஒன்று உள்ளே விடவில்லை. அந்த வருஷமே, அப்படித் தடுப்பது குற்றம் என்று தமிழகச் சட்டசபை சட்டம் செய்தது. அன்றாடம் வேட்டி கட்டுகிறவன் பேட்டிக்கும் கட்டட்டும். கல்யாணத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் வேட்டி கட்டியவன், கொள்கைக்காக இன்றைக்குக் கட்டினால், கவனம் முழுவதும் இடுப்பில்தான் இருக்கும்.

இன்னொரு வேடிக்கை. 2021-ல் கொரோனாவின் காரணமாகப் பேட்டிகள் கம்ப்யூட்டர் திரையில் நடந்தன. மேலே கோட்டும் டையும், கீழே கைலி! இடுப்புக்கு மேல் லண்டன், இடுப்புக்குக் கீழ் வண்ணாரப்பேட்டை. எழுந்து நிற்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்திலேயே பாதி உயிர் போயிருக்கும். கண்ணுக்குத் தெரியாத உடைகூட மனசுக்குத் தெரிகிறதே!

கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பையன் வெளிர் நீலச் சட்டையோடு, கோட்டு இல்லாமல், இரண்டு பேட்டிக்கும் போய் வந்தான். தபாலாபீஸ் பணம் தபாலாபீஸிலேயே இருந்தது. ஓர் இடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். மற்றோர் இடத்தில் இல்லை என்றார்கள். கிடைத்த இடத்துக்கும் கிடைக்காத இடத்துக்கும் அதே சட்டைதான். ஆகவே அந்தச் சட்டைக்குப் புகழும் வேண்டாம், பழியும் வேண்டாம். இப்போது ஒரு மண்டிச் சட்டையாக அது கொடியில் உலர்ந்துகொண்டிருக்கிறது, அப்பா போட்டுக்கொள்கிறார்.

பேட்டி நடத்தும் பெரியவர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. உடையில் ஒரு மரியாதை வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பது நியாயமே. அந்நியர் வீட்டுக்குப் போகும்போது முகம் கழுவித் தலைவாரிக்கொண்டு போவது நம் ஊர் வழக்கமும்தான். ஆனால், அந்த ‘ஃபார்மல்’ என்ற வார்த்தைக்குப் பக்கத்தில், ‘சுத்தமான சட்டையும் கால்சட்டையும் போதும், கோட்டு அவசியம் இல்லை’ என்று ஒரு வரி சேர்த்து அச்சிட்டால் என்ன நஷ்டம்? உங்களுக்கு அது ஒரு வரி. எங்கோ ஒரு தகப்பனாருக்கு எட்டாயிரம் ரூபாய். ஒரு பெண்ணின் பிரசவச் செலவு.

‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்றுதானே நம் முன்னோர் சொன்னார்கள்? கடன் வாங்கிக் கட்டு என்று சொல்லவில்லையே!